படகுக்கு நீரடி விளக்கு: துளை போடுவதற்கு முன்

சென்ற ஆண்டு ஏப்ரலில் படகின் உறையை விலக்கியபோது, பின்பலகையில் பொருத்தியிருந்த இரண்டு விளக்குகளைச் சுற்றியும் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். பொடியோடு வண்ணப்பூச்சும் கொப்புளம் உடைவதுபோல் உரிந்து வந்தது. அடியில் அலுமினியம் சிறு சிறு குழிகளாக அரித்துப்போயிருந்தது. விளக்குகளை 75 டொலருக்கு வாங்கியிருந்தேன். அரிப்பைச் சுத்தம் செய்து, குழிகளை அடைத்து, மீண்டும் வண்ணம் பூச 640 டொலர் ஆனது.

கனடாவின் ஒன்ராறியோவில் சிறு படகு வாங்கும் நம்மவர்கள் கூடிவருகிறார்கள். கோடை இரவில் பிள்ளைகளோடு ஏரியில் நிற்கும்போது தண்ணீருக்கடியில் பச்சையாகவோ நீலமாகவோ ஒளி பரவினால் மனம் நிறைந்துபோகும். அந்த ஆசையில் தவறே இல்லை. ஆனால் கடையில் எல்லோரும் "எவ்வளவு வெளிச்சம்?" என்றுதான் கேட்கிறார்கள். நீங்கள் வாங்கப்போவது, நீர்மட்டத்துக்குக் கீழே படகில் போடப்போகும் ஒரு துளை. அதற்குள் போகும் ஒரு வயர். விளக்கு அதற்குப் பிறகுதான். ட்ரெயிலரில் இழுத்துச் செல்லும் 16 முதல் 24 அடிப் படகுகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

1. படகின் உடல் எதனால் ஆனது என்று பாருங்கள்

இதுதான் முதல் கேள்வி. நான் கேட்காமல் விட்ட கேள்வியும் இதுவே.

உங்கள் படகு அலுமினியம் என்றால், வெண்கலம் அல்லது பித்தளை உடல் கொண்ட விளக்கைத் தொடவே வேண்டாம். இரண்டு வேறு உலோகங்கள் தண்ணீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தால் ஒரு சிறு பற்றரிபோலவே அது வேலை செய்யும். அதில் கரைந்துபோவது எப்போதும் அலுமினியம்தான். உப்பு நீரில் இது வேகமாக நடக்கும். நன்னீர் ஏரியில் மெதுவாக நடக்கும், ஆனால் நடக்கும். என் படகில் இரண்டு பருவம் போதுமாக இருந்தது. அலுமினியப் படகுக்குக் கெட்டியான பிளாஸ்டிக் உடல் கொண்ட விளக்கே நல்லது. திருகாணிகள் துருப்பிடிக்காத எஃகாக இருந்தாலும் அவையும் வேற்று உலோகமே. ஆகவே ஒவ்வொரு திருகாணிக்கும் டெஃப்-ஜெல் போன்ற தடுப்புப் பசையைத் தடவிவிட்டுத்தான் முறுக்க வேண்டும்.

கண்ணாடியிழைப் படகில் இந்த அரிப்புக் கவலை குறைவு. அங்கே வேறு ஆபத்து இருக்கிறது. பழைய படகுகள் பலவற்றின் பின்பலகைக்குள் மரப்பலகை வைத்திருப்பார்கள். நீங்கள் போடும் துளை வழியாக ஈரம் அந்த மரத்தை அடைந்தால் அது உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும், வெளியே ஒன்றும் தெரியாது. அதற்கான வழியை 7ஆம் படியில் சொல்கிறேன்.

2. பொருத்தும் முறையைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று வகை உண்டு.

மேற்பரப்பில் பொருத்துவது: விளக்கு பின்பலகையின் வெளிப்பக்கம் திருகாணிகளால் நிற்கும். வயர் போக மட்டும் சிறு துளை. நம் அளவுப் படகுகளுக்கு இதுவே போதும்.

உடலை ஊடுருவிப் பொருத்துவது: பெரிய துளை போட்டு, உள்ளேயிருந்து நட்டால் இறுக்குவது. பழுதானால் பல மாதிரிகளில் படகைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலேயே உள்ளிருந்து விளக்குப் பகுதியை மாற்றிவிடலாம். பெரிய படகுகளுக்கு உரியது. அத்தனை பெரிய துளையை நீங்களே போடாதீர்கள், அந்த வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

வடிகால் அடைப்பானுக்குப் பதிலாகத் திருகும் விளக்கு: புதுத் துளையே வேண்டாம் என்பதால் கடைக்காரர்கள் புதியவர்களுக்கு இதைத்தான் முதலில் காட்டுவார்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒன்ராறியோவில் 2022 ஜனவரி 1 முதல், படகைச் சாலை வழியாகக் கொண்டுசெல்வதற்கு முன் வடிகால் அடைப்பான்களைத் திறந்து நீரை வடிக்க வேண்டும், பயணம் முழுவதும் அவை திறந்தே இருக்கவும் வேண்டும். வரிக்குதிரை மட்டி போன்ற அந்நிய உயிர்கள் ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் பரவாமல் தடுக்க வந்த சட்டம் இது. ஆகவே வீட்டுக்குக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் விளக்கைக் கழற்ற வேண்டும். கழற்றும்போது வயர் முறுக்கிக்கொள்ளும். சில மாதங்களில் உள்ளே செம்பு இழைகள் அறுந்துவிடும். மரீனா எனப்படும் படகுத் தரிப்பிடத்திலேயே படகைக் கோடை முழுக்க நிறுத்துபவர்களுக்கு இது சரிப்படலாம். ட்ரெயிலர் வைத்திருப்பவர்களுக்குச் சரிப்படாது.

3. உங்கள் ஏரியின் நிறத்தைப் பார்த்து விளக்கின் நிறத்தை முடிவு செய்யுங்கள்

விளம்பரப் படங்களில் நீல ஒளி அள்ளிக்கொண்டு போகும். அந்தப் படங்கள் பெரும்பாலும் தெளிந்த கடல்நீரில் எடுத்தவை. மஸ்கோக்கா பக்கத்து ஏரிகள் பலவற்றில் தண்ணீர் வெறுந்தேநீர் நிறத்தில் இருக்கும். இலைதழைகள் ஊறிக் கரைந்த அந்தச் சாயம் நீல ஒளியை முதலில் விழுங்கிவிடும். கவார்த்தா ஏரிகளில் பாசியும் நீர்ச்செடிகளும் அதிகம், அங்கும் நீலம் எடுபடாது. என் முதல் நீல விளக்குகள் அங்கே படகுக்குப் பின்னால் ஒரு முழத் தூரம்கூட எட்டவில்லை. அதே இடத்தில் பச்சை பளிச்சென்று பரந்தது.

ஜார்ஜியன் விரிகுடாபோல் தெளிந்த நீரில்தான் அதிகம் சுற்றுவீர்கள் என்றால் நீலம் வாங்கலாம். மற்றவர்களுக்கு என் சொல் பச்சைதான். வெள்ளை ஒளி கண்ணுக்கு அருகில் பிரகாசமாக இருக்கும், ஆனால் கலங்கிய நீரில் மிதக்கும் துகள்களில் பட்டுப் பனிமூட்டம்போல் தெரியும். சிவப்பு நிறத்தை நீரே விரைவில் உறிஞ்சிவிடும். அதற்குப் பணம் கொடுக்காதீர்கள். நிறம் மாறும் விளக்குகளில் ஒவ்வொரு நிறத்துக்கும் சில எல்.ஈ.டி.களே எரியும் என்பதால், அதே விலையில் கிடைக்கும் ஒற்றை நிற விளக்கைவிட வெளிச்சம் குறைவாகவே இருக்கும்.

4. பெட்டியில் அச்சிட்ட எண்களைச் சோதியுங்கள்

லூமன் என்பது வெளிச்சத்தின் அளவு, வாட் என்பது அது உண்ணும் மின்சாரம். நல்ல எல்.ஈ.டி. விளக்கு ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தரும். அதனால் வாட்டை 100ஆல் பெருக்கிப் பாருங்கள். 27 வாட் விளக்கின் பெட்டியில் 10,000 லூமன் என்று எழுதியிருந்தால் அந்த எண்ணை நம்பாதீர்கள். அப்படி எழுதும் விற்பனையாளர் நீர்க்காப்பைப் பற்றிச் சொல்வதையும் நான் நம்பமாட்டேன்.

நீர்க்காப்புக்கு ஐ.பி. 68 குறியீடு இருக்க வேண்டும். ஐ.பி. 67 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்பதுதான் பொருள். மாதக்கணக்கில் மூழ்கிக் கிடக்கும் விளக்குக்கு அது போதாது. கூடவே "நீருக்கு வெளியே எவ்வளவு நேரம் எரிக்கலாம்?" என்று கேளுங்கள். இந்த விளக்குகள் பலவற்றைக் குளிர்விப்பதே சுற்றியுள்ள நீர்தான். சூடு ஏறினால் தானே மங்கிக்கொள்ளும் வசதி உள்ளதை வாங்குங்கள். வீட்டு முற்றத்தில் எரியவிட்டு நண்பர்களுக்குக் காட்டியே விளக்கைக் கெடுத்தவர்கள் உண்டு.

5. சட்டம்: மூன்று விஷயங்கள்

முதலாவது, ஓட்டும்போது அணைத்துவிடுங்கள். சூரியன் மறைந்தது முதல் உதிக்கும்வரை படகில் விதிக்கப்பட்ட விளக்குகளைத் தவிர வேறு ஒளி காட்டுவதற்குக் கடல் மோதல் தடுப்பு விதிகளின் 20ஆம் விதி எல்லை வகுத்திருக்கிறது. அந்த வேறு ஒளி, விதிக்கப்பட்ட விளக்கு என்று தவறாகக் கருதப்படக் கூடாது. அவற்றின் தெளிவைக் குறைக்கக் கூடாது. சுற்றும் முற்றும் பார்த்து ஓட்டுவதற்கும் இடைஞ்சலாக இருக்கக் கூடாது. படகின் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்கம் பச்சை. பின்னால் பச்சை ஒளியைப் பரப்பிக்கொண்டு இருட்டில் ஓடினால் எதிரே வருபவர் உங்கள் திசையைத் தவறாகப் புரிந்துகொள்ளலாம். நங்கூரம் போட்டு நிற்கும்போதும் நீரடி விளக்கு நங்கூர விளக்குக்கு ஈடாகாது. சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கு மேலே எரியட்டும்.

இரண்டாவது, மினுக்கும் நீல ஒளி கனடாவில் காவல்துறை முதலான அரசுப் படகுகளுக்கு உரியது. மினுக்கும் வசதி உள்ள விளக்கு வாங்கினால் அந்த வசதியைப் பயன்படுத்தாதீர்கள்.

மூன்றாவது, மீன். "வெளிச்சத்துக்கு மீன் கூடும்" என்று ஊரில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது தோன்றுவது இயல்பு. ஒன்ராறியோவில் செயற்கை ஒளியால் மீனைக் கவர்ந்து பிடிப்பதற்குத் தடை உண்டு. தூண்டிலோடு இணைந்த ஒளிரும் இரை, குறிப்பிட்ட சில மீன்களைக் கைவலையால் அள்ளுவது போன்ற விதிவிலக்குகளே உள்ளன. விளக்கை எரியவிட்டுக்கொண்டு தூண்டில் போட்டு உட்காராதீர்கள். இந்தியாவிலும் எல்.ஈ.டி. விளக்கு வைத்து மீன்பிடிப்பதை மத்திய அரசு 2017 நவம்பரில் தடை செய்தது. அங்குள்ள உறவினரின் மீன்பிடிப் படகுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள்.

6. தாள்களைச் சேர்த்து வையுங்கள்

துளை போடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது.

படகு புதிது என்றால், விற்ற நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பின்பலகையில் துளை போட்டால் உடலுக்கான உத்தரவாதம் என்னவாகும் என்று கேளுங்கள். வாய்ப்பேச்சு போதாது, எழுத்தில் பதில் வாங்குங்கள். காப்புறுதி நிறுவனத்திடமும் அப்படியே கேளுங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே நீங்கள் போட்ட துளை வழியாகப் படகு மூழ்கினால், அவர்கள் முதலில் கேட்பது யார் பொருத்தினார், எப்படிப் பொருத்தினார் என்பதைத்தான்.

விளக்கின் ரசீது, பொருத்தும் கையேடு, உத்தரவாதப் பதிவு, பொருத்தும்போது எடுத்த படங்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். உத்தரவாதத் தாளில் வயரை வெட்டுவது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தேடிப் படியுங்கள். சில தயாரிப்பாளர்கள் விளக்கோடு வரும் வயரைக் குறிப்பிட்ட நீளத்துக்கு மேல் வெட்டினால் பொறுப்பேற்க மாட்டார்கள். இரவில் ஏரியில் இறங்கினால் காவல்துறை நிறுத்திச் சோதிப்பது சாதாரணம். 10 குதிரைத்திறன் அல்லது அதற்கு மேற்பட்ட மோட்டார் உள்ள படகுக்கான உரிமப் பத்திரமும், உங்கள் படகோட்டி அட்டையும் படகில் இருக்கட்டும்.

7. இடம் குறித்து, துளை போட்டு, அடைப்பது

இடம் குறிப்பதில் எல்லோரும் செய்யும் தவறு, படகு ட்ரெயிலரில் நிற்கும்போதே கண் மதிப்பில் அளப்பது. வழக்கமாக ஏறும் ஆட்களையும் நிறைந்த பெட்ரோல் தொட்டியையும் ஐஸ் பெட்டியையும் ஏற்றிப் படகைத் தண்ணீரில் விட்டு, நீர்மட்டத்தில் நாடா ஒட்டுங்கள். அந்தக் கோட்டிலிருந்து 15 முதல் 30 செ.மீ. கீழே விளக்கு இருக்கலாம். அதற்கு மேலே இருந்தால் அலையில் வெளியே தெரிந்து கண்ணைக் கூசும்.

மோட்டார் விசிறிக்கு நேர் முன்னால் வைக்காதீர்கள், விளக்கு கிளப்பும் காற்றுக்குமிழிகள் விசிறிக்குப் போகும். ஆழமானி உணரிக்குப் பக்கத்திலும் வேண்டாம். ட்ரெயிலரின் தாங்குகட்டைகள் எங்கே படுகின்றன என்பதையும் ஒருமுறை குனிந்து பாருங்கள். உள்ளே கை நுழைகிறதா, பின்னால் பெட்ரோல் குழாயோ வேறு வயரோ போகிறதா என்று பார்த்த பிறகுதான் துளைக்கருவியைக் கையில் எடுக்க வேண்டும்.

கண்ணாடியிழையில் துளைப்பதாக இருந்தால், முதலில் கருவியை எதிர்ப்பக்கமாகச் சுழலவிட்டு மேற்பூச்சைத் தேய்த்துவிட்டுப் பிறகு நேராகத் துளையுங்கள். மேற்பூச்சு தெறிக்காது. துளையிலிருந்து வரும் தூளைப் பாருங்கள். மரத்தூள் வந்தால், வேண்டியதைவிடப் பெரிய துளையாகப் போட்டு, எபாக்ஸி என்ற இறுகும் பசையை நிரப்பி, இறுகிய பின் அதன் நடுவில் சரியான அளவுத் துளையைப் போடுங்கள். அப்போது திருகாணி மரத்தைத் தொடாது, ஈரமும் தொடாது. ஒரு நாள் கூடுதலாகும். அந்த ஒரு நாளைக் கொடுங்கள்.

சீலன்ட், அதாவது நீர் புகாமல் அடைக்கும் பசை விஷயத்தில் அவசரம் வேண்டாம். வீட்டுக் குளியலறைக்குப் பயன்படும் சிலிக்கோன் இங்கே கூடாது. 3எம் நிறுவனத்தின் 5200 வகை நிரந்தரமாகப் பிடிக்கும். பிற்பாடு விளக்கைக் கழற்றப் போனால் மேற்பூச்சையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். 4200 போன்றது நீருக்கடியிலும் தாங்கும், கழற்றவும் முடியும். எதுவானாலும் விளக்கின் கையேடு அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள், சில சீலன்டுகள் சில பிளாஸ்டிக்குகளில் விரிசல் விழச் செய்யும். வயர்த் துளைக்குள்ளும், ஒவ்வொரு திருகாணித் துளைக்குள்ளும், விளக்கின் பின்புற விளிம்பு முழுவதும் சீலன்ட் போக வேண்டும். இறுக்கும்போது சுற்றிலும் ஒரே சீராகப் பிதுங்கி வந்தால் சரி. ஒரு பக்கம் பிதுங்காவிட்டால் கழற்றி மறுபடி செய்யுங்கள்.

8. வயரும் ஃபியூஸும்

என் இப்போதைய விளக்குகள் இரண்டு, ஒவ்வொன்றும் 36 வாட். மொத்தம் 72 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 6 அம்பியர். ஆறு மணி நேரம் எரிந்தால் 36 அம்பியர்-மணி. 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரியில் பாதியைத்தான் பாதுகாப்பாக எடுக்கலாம். பாட்டுப்பெட்டியும் மின்சாரக் குளிர்பெட்டியும் சேர்ந்தால் நள்ளிரவில் மோட்டார் இயங்காது. ஒரே ஒரு பற்றரிதான் இருக்கிறது என்றால், விளக்குக்கு இரண்டாவது பற்றரி வையுங்கள் அல்லது மின்னழுத்தம் குறைந்தால் தானாக அணையும் சாதனம் ஒன்றை இடையில் பொருத்துங்கள்.

வயர், ஈயம் பூசிய செம்பு இழைகள் கொண்ட படகு வயராக இருக்க வேண்டும். கார்க்கடை வயரின் செம்பு ஈரத்தில் கறுத்துப்போகும். பற்றரியிலிருந்து விளக்குவரை 6 மீற்றர் என்றால், போக வர 12 மீற்றர். 14ஆம் எண் வயரில் 6 அம்பியர் ஓடினால் ஏறத்தாழ 0.6 வோல்ட் வழியிலேயே தொலையும். 12ஆம் எண்ணில் 0.4க்கும் குறைவு. எண் குறையக் குறைய வயர் தடிக்கும். விலை வேறுபாடு சொற்பம், 12ஐ வாங்குங்கள்.

ஃபியூஸ் பற்றரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். படகு மின்வேலைகளுக்கான ஏ.பி.ஒய்.சி. தரநெறி பொதுவாக 7 அங்குலத்துக்குள் என்கிறது. சுவிட்சுக்குப் பக்கத்தில் ஃபியூஸை வைத்துவிட்டு, பற்றரியிலிருந்து அதுவரை உள்ள வயரைக் காப்பின்றி விடுவது நம்மிடையே அடிக்கடி நடக்கிறது. அந்த வயர் உரசி அறுந்தால் தீப்பிடிக்கும், பக்கத்திலேயே பெட்ரோல் இருக்கிறது. இணைப்புகளை முறுக்கி நாடா சுற்றாதீர்கள். உள்ளே பசை உள்ள சுருங்கு குழாய் போட்ட இணைப்பான்களைப் பயன்படுத்தி, படகின் அடியில் நீர் தேங்கும் உயரத்துக்கு மேலே அவற்றைக் கட்டிவையுங்கள்.

9. தண்ணீரில் ஆட்கள் இருக்கும்போது

விளக்கு வந்தால் பிள்ளைகள் படகின் பின்னால்தான் குதிப்பார்கள். விசிறி இருப்பதும் புகை வெளியேறுவதும் அங்கேதான். மோட்டாரோ ஜெனரேற்றரோ ஓடும்போது பின்னால் யாரும் நீந்தக் கூடாது. அந்தப் புகையில் உள்ள காபனோரொட்சைட்டு (கார்பன் மோனாக்சைடு) என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. விளக்குச் சுவிட்சைப் போடும் கை, முதலில் மோட்டார்ச் சாவியைக் கழற்றி எடுக்கட்டும்.

படகிலும் படகுத்துறையிலும் 12 வோல்ட் நேர்மின்னோட்ட விளக்குகளையே பயன்படுத்துங்கள். வீட்டு 120 வோல்ட் மின்சாரத்தைத் தண்ணீரில் இறக்கும் எதுவும் வேண்டாம். கரை மின்சாரம் இணைத்த மரீனாக்களில் நீந்தவும் விடாதீர்கள். நன்னீரைவிட மனித உடல் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். கசிவு சிறிதாக இருந்தாலும் நீந்துபவரின் கைகால்கள் செயலிழந்து மூழ்கிப்போவார்.

10. செலவும் காலமும்

எனக்கு இரண்டாம் முறை ஆன கணக்கு: பிளாஸ்டிக் உடல் கொண்ட பச்சை விளக்குகள் இரண்டும் 320 டொலர். வயர், ஃபியூஸ், சுவிட்ச், இணைப்பான்கள் 90. சீலன்ட் 35. மொத்தம் 445, ஒன்ராறியோவின் 13 சதவீத வரியோடு 503 டொலர். நானே பொருத்தினேன். மரீனாவில் மணிக்கு 150 டொலர் கேட்டார்கள், நான்கு மணி நேர வேலை என்றார்கள். அமெரிக்க இணையக்கடையில் விலை குறைவாகத் தெரிந்தால், தீர்வை, வரி, கூரியர் நிறுவனத்தின் சுங்கக் கட்டணம் மூன்றையும் கூட்டிப் பாருங்கள். பழுதென்று திருப்பி அனுப்பும் செலவும் உங்களுடையது.

இலையுதிர்காலத்தில் படகைக் கரையேற்றுவதற்கு முன்பே நாடா ஒட்டி நீர்மட்டத்தைக் குறித்துவிடுங்கள். வசந்தத்தில் ஏரி உறைந்திருக்கும்போது குறிக்க வழியில்லை. பிப்ரவரியில் விளக்கை வாங்குங்கள். ஏப்ரல் கடைசியில் பொருத்துங்கள். குளிரில் சீலன்ட் மெதுவாகவே இறுகும். 5200 முழுதாக இறுக ஐந்து முதல் ஏழு நாள் வேண்டும், குளிர் வாரம் என்றால் இன்னும் கூடும். மே மாதத்தில் வரும் விக்டோரியா தின வார இறுதிக்கு முந்தைய வாரம் மரீனா ஆட்களிடம் வேலை கொடுக்க நினைக்காதீர்கள், அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது.

11. முதல் நாள் தண்ணீரில்

முதன்முதலாக இறக்கும் நாளில் குடும்பத்தை அழைத்துப் போகாதீர்கள். உதவிக்கு ஒருவர் போதும். படகை ட்ரெயிலரிலிருந்து அவிழ்க்காமல், பின்பகுதி மட்டும் நீரில் இருக்கும்படி நிறுத்துங்கள். உள்ளே ஏறி, வயர்த் துளைக்கும் ஒவ்வொரு திருகாணி முனைக்கும் அடியில் காய்ந்த டிஷ்யூ தாளை ஒட்டுங்கள். கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். தாளில் ஒரு பொட்டு ஈரம் தெரிந்தாலும் படகை வெளியே இழுத்து, அந்த விளக்கைக் கழற்றி, மறுபடி அடையுங்கள். "கொஞ்சம்தானே" என்று விட்ட ஈரம் குளிர்காலத்தில் உறைந்து விரிந்து துளையையே பிளக்கும்.

ஒரு மணி நேரம் கழித்தும் தாள் காய்ந்திருந்தால், இருட்டும்வரை அங்கேயே இருங்கள். நான் அன்று படகுத்துறையில் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது மணிக்கு மேல் சுவிட்சைப் போட்டதும் நீர்ச்செடிகளின் தண்டுகள் அடிவரை பச்சையாகத் தெரிந்தன. அவற்றுக்கிடையே விரலளவு மீன்குஞ்சுகள் அசையாமல் நின்றன.